ஹார்மோன் ரிப்போர்ட்டும் சர்க்கரை நோயும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

பாலின ஹார்மோன்களைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுமந்திருந்தன. பரிசோதனைக்கூடம் தந்த தாளில் ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று தெரியாமல் அதற்குப் பொருள் சொல்ல முடியாது என்பதால், இந்த இதழில் அளக்கும் முறையைப் பற்றியும் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன். பெயரைத் தவிர்க்கும்படி பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் தரப்படுகிறது.

கேள்வி: எனக்கு வயது 42. பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நிறுவனம் ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனையில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் 248 என்றும், பக்கத்தில் ‘குறைவு’ என்றும் வந்திருக்கிறது. மதிய உணவுக்குப் பிறகு, மாலை 4 மணியளவில் ரத்தம் எடுத்தார்கள். எடை 91 கிலோ, இடுப்புச் சுற்றளவு 106 செ.மீ. பகலெல்லாம் களைப்பாக இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டால் தொப்பையும் குறையும், சர்க்கரையும் வராது என்று ஜிம்மில் ஒருவர் சொல்கிறார். இரண்டாவது குழந்தைக்கு முயன்று வருகிறோம். ஊசி போடலாமா?
வாசகர், திருப்பூர்

பதில்: ஊசி போட வேண்டாம். குழந்தைக்கு முயலும் ஆண் டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளவே கூடாது. ஊசி வழியாக அது உடலுக்குள் போனதும், விரைகளைத் தூண்டுவதற்காகப் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களும் அடங்கிவிடுகின்றன. விந்தணு உற்பத்தி சரிகிறது. பலருக்கு விந்தணுவே இல்லாத நிலை ஏற்படுகிறது. ஊசியை நிறுத்திய பிறகு அது மீண்டு வரப் பல மாதங்கள் ஆகும்.

அடுத்து அந்த 248. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பிற்பகலில் இறங்கும் ஹார்மோன். சாப்பாடும் அதை இறக்கும். 74 ஆண்களுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து அளந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. அதில் டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக 25 சதவீதம் குறைந்தது. சாப்பிட்ட பின்பு, அதுவும் மாலையில் எடுத்த உங்கள் ரத்தத்தில் இந்த இரண்டு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வெறும் வயிற்றில் காலையில் எடுத்த ரத்தத்தில், வெவ்வேறு நாள்களில் இரண்டு முறை அளந்து, இரண்டிலும் தெளிவாகக் குறைவாக இருந்து, கூடவே அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்று சொல்ல வேண்டும் என்கிறது. காய்ச்சல் போன்ற நோய் இருக்கும்போதும், இரவுப் பணி முடித்து வந்த காலையிலும் அளக்கக் கூடாது. ஆகவே 10 மணிக்குள் சென்று மறுபடியும் ரத்தம் கொடுங்கள்.

ஒப்பிடும் எல்லையையும் கவனியுங்கள். பருமன் இல்லாத, ஆரோக்கியமான, 19 முதல் 39 வயது வரையுள்ள அமெரிக்க, ஐரோப்பிய ஆண்களிடம் அளந்து 2017-இல் வகுத்த எல்லை டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் வரை. சில கூடங்கள் லிட்டருக்கு நானோமோல் என்ற அலகில் தருகின்றன. நானோகிராம் கணக்கை 28.8-ஆல் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். உங்கள் 248 அந்த அலகில் 8.6 ஆகும். இரண்டு தாள்களை அலகு பார்க்காமல் ஒப்பிட்டு, ‘248-இலிருந்து 9-க்கு விழுந்துவிட்டது’ என்று பதறி வருபவர்கள் உண்டு.

இவற்றையெல்லாம்விட உங்களுக்கு முக்கியமானது வேறொன்று. ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் எதனோடும் ஒட்டாமல் இருக்கிறது. மீதியில் ஒரு பகுதி ஆல்புமின் என்ற புரதத்தோடு தளர்வாகவும், மற்றொரு பகுதி எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதத்தோடு இறுக்கமாகவும் பிணைந்திருக்கிறது. கல்லீரலில் உற்பத்தியாகும் இந்த எஸ்.ஹெச்.பி.ஜி., தொப்பை உள்ளவர்களிடமும் கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களிடமும் குறைந்துவிடும். பிணைக்கும் புரதம் குறைந்தால் மொத்த டெஸ்டோஸ்டிரோனும் குறைந்தே தெரியும். ஆனால் பிணைப்பில்லாத பகுதி இயல்பாக இருக்கக்கூடும். 106 செ.மீ. இடுப்புள்ள ஒருவருக்கு மொத்த அளவை மட்டும் பார்த்து ‘குறைபாடு’ என்று முத்திரை குத்துவது அநியாயம். மறு பரிசோதனையில் மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்.ஹெச்.பி.ஜி., ஆல்புமின் மூன்றையும் கேளுங்கள். இவற்றிலிருந்து பிணைப்பில்லாத பகுதியைக் கணக்கிட 1999-இல் பெல்ஜியத்தின் வெர்மூலென் குழு வெளியிட்ட சூத்திரம் இன்றும் நம்பகமானது. ‘ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்’ என்ற பெயரில் பல கூடங்கள் நேரடியாக அளந்து தரும் மலிவான பரிசோதனை அந்த அளவுக்கு நம்பத்தக்கதன்று. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இரண்டாம் முறையும் குறைவாக வந்தால் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., பிட்யூட்டரியின் மற்றொரு ஹார்மோனான புரோலாக்டின் ஆகியவற்றைப் பார்த்து, கோளாறு விரையிலா பிட்யூட்டரியிலா என்று பிரித்தறிய வேண்டும்.

ஊசி சர்க்கரையைத் தடுக்குமா என்பதற்கு இரண்டு பெரிய ஆய்வுகள் இரு வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயதுக்குட்பட்ட, இடுப்பு பருத்த, சர்க்கரை எல்லையைத் தொட்ட அல்லது புதிதாகத் தாண்டிய 1,007 ஆண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அனைவருக்கும் உணவு, நடைப் பயிற்சித் திட்டம் கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் போட்டார்கள். முடிவில் ஊசி போட்டவர்களில் 12 சதவீதத்தினரும், போலி ஊசி போட்டவர்களில் 21 சதவீதத்தினரும் சர்க்கரை நோயாளிகளாக இருந்தார்கள். ஆனால் ஊசி போட்டவர்களில் 22 சதவீதத்தினருக்கு ரத்தம் அளவுக்கு மீறித் தடித்தது. மற்றவர்களில் அது 1 சதவீதம்தான். அமெரிக்காவில் 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023-இல் வெளியான ‘டிராவர்ஸ்’ ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்றாலும், இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக் கட்டியும் டெஸ்டோஸ்டிரோன் களிம்பு பூசியவர்களிடம், போலிக் களிம்பு பூசியவர்களைவிடச் சற்று அதிகமாகக் காணப்பட்டன. அதே ஆய்வின் தொடர்ச்சி, சர்க்கரை எல்லையில் இருந்தவர்கள் நோயாளியாவதை டெஸ்டோஸ்டிரோன் தடுக்கவில்லை என்று 2024-இல் கண்டது. சர்க்கரையைத் தடுக்கும் மருந்தாக டெஸ்டோஸ்டிரோனைப் பரிந்துரைக்க இன்றைக்கு ஆதாரம் போதாது.

எடையைக் குறைப்பதற்கோ ஆதாரம் இருக்கிறது. பல ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் வெளியிட்ட கணக்கில், உணவுக் கட்டுப்பாட்டால் இளைத்த ஆண்களிடம் மொத்த டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக 2.9 நானோமோலும், எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்தவர்களிடம் 8.7 நானோமோலும் உயர்ந்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை எல்லையில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மட்டுமே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. உங்கள் களைப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் அதற்குத் தனியாகப் பரிசோதனையும் சிகிச்சையும் வேண்டும்.

கேள்வி: வயது 24. மாதவிடாய் இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒரு முறைதான் வருகிறது. தாடையில் முடி வளர்கிறது. ஒரு லேப்பில் டெஸ்டோஸ்டிரோன் 38, நான்கு நாள் கழித்து இன்னொரு லேப்பில் 71. முதல் தாளைப் பார்த்த மருத்துவர் ஹார்மோன் சரியாக இருக்கிறது என்றார். இரண்டாவது தாளைப் பார்த்தவர் பி.சி.ஓ.எஸ். (‘நீர்க்கட்டி’ என்று பரவலாகச் சொல்லப்படும் சினைப்பைக் கோளாறு) என்கிறார். யாரை நம்புவது?
வாசகி, மதுரை

பதில்: இரண்டு மருத்துவர்களும் தங்கள் கையில் இருந்த எண்ணைப் படித்திருக்கிறார்கள். சிக்கல் எண்ணில் இருக்கிறது.

பெரும்பாலான கூடங்கள் டெஸ்டோஸ்டிரோனை ஆன்டிபாடி கொண்டு அளக்கின்றன. ஹார்மோனோடு ஒட்டும் ஆன்டிபாடியை ரத்தத்தில் சேர்த்து, எவ்வளவு ஒட்டியது என்று பார்க்கும் இந்த முறையின் மூலவடிவத்தை நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950-களின் இறுதியில் உருவாக்கினார்கள். அவர்கள் அளந்த முதல் ஹார்மோன் இன்சுலின் என்பதை உங்கள் விஷயத்தில் நினைவுகூர்வது பொருத்தம். சர்க்கரை நோய் ஆராய்ச்சியில் பிறந்த முறைதான் பிறகு எல்லா ஹார்மோன்களுக்கும் பரவியது. பெர்சன் 1972-இல் மறைந்துவிட, 1977-இல் யாலோ நோபல் பரிசு பெற்றார்.

ஆண்களிடம் இந்த முறை ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்கிறது. பெண்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே வேளையில் அதைப் போன்ற வடிவமுள்ள வேறு ஸ்டீராய்டுகள், குறிப்பாக அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் டி.ஹெச்.இ.ஏ.எஸ்., பல மடங்கு அதிகமாக மிதக்கின்றன. ஆன்டிபாடி அவற்றோடும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் குன்றிமணித் தங்கத்தை வைத்துப் பார்ப்பது போன்றதுதான் இது. பிரான்ஸில் பத்து வகைக் கருவித் தொகுப்புகளை ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வு, பெண்களின் மாதிரிகளில் அவை ஒன்றுக்கொன்று பெரிதும் முரண்பட்டதையும், பெரும்பாலும் அளவைக் கூட்டிக் காட்டியதையும் வெளிக்கொண்டுவந்தது. மூலக்கூறின் நிறையைக் கொண்டே அதை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையைத்தான், பெண்களுக்கு அளக்கும்போது பயன்படுத்தும்படி 2023-ஆம் ஆண்டின் பன்னாட்டு பி.சி.ஓ.எஸ். வழிகாட்டுதல் கூறுகிறது. நம் ஊர்களில் பெரிய கூடங்கள் சில இதைச் செய்கின்றன. சிறிய லேப்கள் மாதிரியை அங்கே அனுப்பித் தரவும் வாய்ப்புண்டு. ரத்தம் கொடுக்குமுன் எந்த முறை என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மறுமுறை அளக்கும்போது அதே கூடத்துக்கே செல்லுங்கள்.

எஸ்.ஹெச்.பி.ஜி.-யையும் சேர்த்துப் பாருங்கள். மொத்த டெஸ்டோஸ்டிரோன் இயல்பாகத் தெரிந்தும், பிணைக்கும் புரதம் குறைவாக இருப்பதால் செயல்படும் பகுதி கூடியிருப்பது பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடம் சாதாரணம். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தப் புரதம் பல மடங்கு உயர்ந்து கணக்கே மாறிவிடும் என்பதால், மாத்திரையை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதங்கள் ஆன பிறகே அளக்க வேண்டும். அந்த இடைவெளியில் வேறு கருத்தடை முறை தேவை. இதே அறிகுறிகளோடு வரும் பிறவி அட்ரினல் கோளாறு ஒன்றை ஒதுக்குவதற்காக, காலையில் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்ற பரிசோதனையும், கூடவே தைராய்டு, புரோலாக்டின் பரிசோதனைகளும் தேவை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போவதும், ஆண்களுக்கு வளரும் இடங்களில் முடி வளர்வதும் உங்களிடம் இருக்கின்றன. மற்றக் காரணங்கள் ஒதுக்கப்பட்டால், டெஸ்டோஸ்டிரோன் 38 ஆனாலும் 71 ஆனாலும், பி.சி.ஓ.எஸ். என்று சொல்ல இந்த இரண்டே போதும், ஸ்கேன்கூட அவசியமில்லை. செய்யத் தவறக் கூடாத பரிசோதனை சர்க்கரைக்கானது. இன்சுலின் மிகும்போது அது சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுகிறது, கல்லீரலில் எஸ்.ஹெச்.பி.ஜி. உற்பத்தியையும் குறைக்கிறது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுங்கள். இரண்டாவது எண் 140-க்குள் இருந்தால் இயல்பு, 140 முதல் 199 வரை எல்லை நிலை, 200 அல்லது மேல் என்றால் நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி மட்டும் போதாதா என்று கேட்பார்கள். நம் பெண்களிடம் ரத்தசோகை அதிகம் என்பதால் அந்த எண் பிசகக்கூடும்.

கேள்வி: டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் ஆண்களுக்குச் சர்க்கரை வரும், கூடினால் பெண்களுக்கு வரும் என்று படித்தேன். ஒரே ஹார்மோன் எப்படி இரண்டு விதமாக நடந்துகொள்ளும்? உண்மையில் எது காரணம், எது விளைவு?
உயிரியல் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: வகுப்பறையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. நீங்கள் படித்தது சரிதான். 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோதே இந்த எதிரெதிர்ப் போக்கு தெளிவாகிவிட்டது. ஆனால் தொப்பை, கல்லீரல் கொழுப்பு, இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரிவரக் கட்டுப்படாத நிலை) ஆகியவை ஹார்மோனையும் மாற்றும், சர்க்கரையையும் கூட்டும். இரண்டையும் ஒரே நாளில் அளந்து பார்த்து, எது எதை இழுத்து வந்தது என்று சொல்ல இயலாது.

இதைப் பிரிக்க ஆய்வாளர்கள் மரபணுவின் உதவியை நாடினார்கள். சிலருக்கு எஸ்.ஹெச்.பி.ஜி. பிறவியிலேயே சற்றுக் கூடுதலாகவும் சிலருக்குச் சற்றுக் குறைவாகவும் சுரக்கும்படி மரபணு அமைந்திருக்கிறது. கருவிலேயே முடிவாகிவிட்ட இதைப் பின்னாளில் வரும் தொப்பை மாற்ற முடியாது. இத்தகையவர்களை ஒப்பிட்டு 2009-இல் ஹார்வர்டைச் சேர்ந்த குழு வெளியிட்ட ஆய்வில், பிறவியிலேயே எஸ்.ஹெச்.பி.ஜி. கூடுதலாக அமைந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குறைவாகவே வந்திருந்தது. வெறும் பிணைப்புப் புரதம் என்று கருதப்பட்ட ஒன்றுக்கு இப்படியொரு பங்கு இருக்கலாம் என்ற செய்தி அப்போது பலரை வியக்க வைத்தது.

டெஸ்டோஸ்டிரோனைப் பொறுத்தவரை, பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் தொகுப்பிலுள்ள 4,25,097 பேரின் மரபணுத் தரவை ஆராய்ந்து 2020-இல் வெளியிடப்பட்ட முடிவு உங்கள் கேள்விக்கு நேராகவே விடை சொல்கிறது. மரபணுவால் டெஸ்டோஸ்டிரோன் ஒரு திட்ட விலக்க அளவு (மக்களிடையே காணப்படும் வழக்கமான ஏற்ற இறக்கத்தின் ஓர் அலகு) கூடியிருந்தால் பெண்களில் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு 37 சதவீதமும் பி.சி.ஓ.எஸ். வாய்ப்பு 51 சதவீதமும் கூடுகின்றன. ஆண்களிலோ சர்க்கரை நோய் வாய்ப்பு 14 சதவீதம் குறைகிறது. ஆகவே ஹார்மோனுக்கும் காரணமாக இருக்கும் பங்கு உண்டு, இரு பாலருக்கும் அது எதிரெதிரானது. ஆனால் ஆண்களின் 14 சதவீதம் வாழ்நாள் முழுவதும் சற்றுக் கூடுதலாக இருந்ததன் பயன். நடுவயதில் ஊசி போட்டால் அதே பலன் கிடைக்கும் என்று அதற்குப் பொருளில்லை. அதே ஆய்வு, டெஸ்டோஸ்டிரோன் கூடிய ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பும் கூடுவதாகக் கண்டது.

மறுதிசையில், உடலின் சர்க்கரை நிலை ஹார்மோன் கணக்கை மாற்றுவதும் உறுதியாகத் தெரிந்திருக்கிறது. எஸ்.ஹெச்.பி.ஜி. குறைவதற்கு இன்சுலினைத்தான் நெடுநாள் குற்றம் சொல்லி வந்தோம். கனடாவில் ஜெஃப்ரி ஹேமண்டின் குழு 2007-இல் வெளியிட்ட சோதனைகள், குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கல்லீரல் செல்லில் கொழுப்பாக மாற்றப்படும்போது, எஸ்.ஹெச்.பி.ஜி. மரபணுவை இயக்கும் ஹெச்.என்.எஃப்.-4 ஆல்ஃபா என்ற புரதம் குறைந்து, அதன் உற்பத்தி தணிகிறது என்று காட்டின. இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஹார்மோன் தாளில் இருக்கும் எஸ்.ஹெச்.பி.ஜி. எண், கல்லீரல் சர்க்கரையை எப்படிக் கையாள்கிறது என்பதற்கான சாட்சியாகவும் இருக்கிறது. மாணவர்களுக்குச் சர்க்கரைப் பானங்களைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தைராய்டு கூடினாலும், கல்லீரல் சுருக்க நோய் வந்தாலும், வயது ஏறினாலும் இதே புரதம் உயரும். எனவே தனி ஓர் எண்ணாக இதைப் படிக்கக் கூடாது.

கேள்வி: வயது 29. மார்பில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. ஈஸ்ட்ரடையால் 48 என்று வந்தது. ஈஸ்ட்ரோஜன் பெண்களின் ஹார்மோன், அதைத் தடுக்கும் அனாஸ்ட்ரசோல் மாத்திரையைச் சாப்பிட்டால் உடல் இறுகும் என்கிறார் பயிற்சியாளர்.
வாசகர், சேலம்

பதில்: அந்த மாத்திரை மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கானது, நீங்கள் சாப்பிட வேண்டாம். ஆண்களின் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் இருந்தாக வேண்டும். டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை அரோமடேஸ் என்ற நொதி, ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரடையாலாக மாற்றுகிறது. அந்த நொதி கொழுப்புத் திசுவில் மிகுதி என்பதால், உடற்கொழுப்பு கூடியவர்களுக்கு எண் சற்று மேலே நிற்கும்.

அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான ஆண்களின் சொந்த ஹார்மோன் சுரப்பை நிறுத்திவிட்டு, வெவ்வேறு அளவுகளில் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் நீங்கள் குறிப்பிடும் அதே மாத்திரையையும் கொடுத்தார்கள். தசையின் அளவைத் தீர்மானித்தது டெஸ்டோஸ்டிரோன். உடற்கொழுப்பு கூடியதற்கு முதன்மைக் காரணம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போனதுதான். பாலுணர்வும் அதனால் குறைந்தது. பயிற்சியாளர் சொல்வதற்கு நேர் எதிரான முடிவு இது. மேலும் ஆண்களிடம் உள்ள சிறிய அளவு ஈஸ்ட்ரடையாலைச் சாதாரண ஆன்டிபாடி முறை துல்லியமாக அளப்பதில்லை. காம்புக்கு அடியில் வட்டு போன்ற கெட்டியான திசு தென்படுகிறதா, வெறும் கொழுப்பா என்று ஒரு மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்வது 48 என்ற எண்ணைவிடப் பயனுள்ளது.

கேள்வி: முடி உதிர்வுக்காக 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். ஹார்மோன் பரிசோதனைக்குமுன் நிறுத்த வேண்டுமா?
வாசகி, ஓசூர்

பதில்: ஆம். நாளொன்றுக்கு உடலுக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவில்தான். பல கருவிகள் பயோட்டினையே ஒட்டும் பொருளாகப் பயன்படுத்துவதால், ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால் ஆகியவை பொய்யாகக் கூடியும், எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். ஆகியவை பொய்யாகக் குறைந்தும் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது. இரண்டு, மூன்று நாள்களுக்கு முன்பே நிறுத்தி, நிறுத்திய விவரத்தையும் கூடத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பூப்படைந்து ஓராண்டு ஆகிறது. மாதவிடாய் 40 நாளுக்கு ஒரு முறை வருகிறது. எடை கூடியிருக்கிறது, கழுத்து கறுத்திருக்கிறது. தேய்த்துக் குளித்தும் போகவில்லை. ஸ்கேனும் ஏ.எம்.ஹெச். பரிசோதனையும் எடுக்கச் சொல்கிறார்கள்.
ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: கழுத்தைத் தேய்க்க வேண்டாம் அம்மா, அது அழுக்கில்லை. தோல் கறுத்து, வெல்வெட் துணிபோல் தடித்திருந்தால், இன்சுலின் மிகுந்திருப்பதற்கான அடையாளம் அது. ஸ்கேனைவிட இதுதான் முதலில் கவனிக்க வேண்டிய செய்தி.

பூப்படைந்த முதல் மூன்று ஆண்டுகளில், 21 நாளுக்குக் குறையாமலும் 45 நாளுக்கு மேற்படாமலும் வரும் மாதவிடாய் இயல்பானதே. இளம் வயதில் சினைப்பையில் பல சிறு முட்டைப் பைகள் தெரிவதும், அதனால் அவற்றில் சுரக்கும் ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோன் உயர்ந்திருப்பதும் இயற்கை. ஆகவேதான் முழு வளர்ச்சியடைந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.ஹெச். அளப்பதை ஏற்றுக்கொண்ட 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வளரிளம் பெண்களுக்கு இரண்டையுமே தவிர்க்கச் சொல்கிறது. ‘நீர்க்கட்டி’ என்ற சொல்லை 14 வயதுப் பெண் வாழ்நாள் முழுவதும் சுமக்க வைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செயல். முகத்தில் முடியோ கடும் பருவோ இருந்தால் மட்டும் டெஸ்டோஸ்டிரோனைச் சரியான முறையில் அளக்கலாம். இப்போது தேவை குளுக்கோஸ் பரிசோதனை, ரத்த அழுத்தம், கல்லீரல் நொதி அளவு ஆகியவை. வீட்டில் சர்க்கரைப் பானங்களை எல்லோரும் சேர்ந்தே நிறுத்துங்கள். மாலையில் அவள் ஓடி விளையாடும் நேரத்தை டியூஷனுக்காகப் பறிக்காதீர்கள்.

கேள்வி: வயது 51. மாதவிடாய் நின்று 14 மாதங்கள் ஆகின்றன. வயிறு பெருத்துவிட்டது. ஈஸ்ட்ரோஜன் அளவைப் பார்த்துக்கொண்டு மாத்திரை தொடங்கினால் சர்க்கரையைத் தவிர்க்கலாமா?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 45 வயதைக் கடந்தவருக்கு 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அதுவே போதிய சான்று; அளக்க வேண்டியதில்லை. அளந்தாலும் இந்தப் பருவத்தில் ஈஸ்ட்ரடையால் மிகவும் சொற்பம் என்பதால், சாதாரண முறைகள் தரும் எண் தெளிவாக இராது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கொழுப்பு தொடையிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுவது உண்மை. அமெரிக்காவில் நடந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வில், கூட்டு ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் 21 சதவீதம் குறைவாக வந்ததும் உண்மை. அதே மாத்திரை மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக் கட்டி ஆகியவற்றைக் கூட்டியதால், சர்க்கரையைத் தடுப்பதற்காக மட்டும் அதைக் கொடுப்பதில்லை. உடல் அனலும் இரவு வியர்வையும் தூக்கத்தைக் கெடுக்குமளவுக்கு இருந்தால், அதற்கான சிகிச்சையாக அதைப் பற்றி உங்கள் மருத்துவரோடு பேசலாம். மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் இருப்பவர்களுக்கு நன்மை, தீமைக் கணக்கு ஓரளவு சாதகமானது. உங்கள் இடுப்பு 80 செ.மீ.-க்கு மேல் இருந்தால் சர்க்கரையையும் கொழுப்பையும் ஆண்டுதோறும் பாருங்கள்.

கேள்வி: வயது 56, ஒல்லியான உடல். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. ஓராண்டாக விறைப்பு சரியாக வருவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டுமா? ஒல்லியான எனக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?
வாசகர், திருச்சி

பதில்: பார்க்கலாம். அமெரிக்காவில் 2004-இல் பரேஷ் தண்டோனாவின் குழு, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 103 ஆண்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பிணைப்பில்லாத டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருப்பதைக் கண்டது. சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை. உங்களைப் போல் அறிகுறி உள்ளவர்களுக்குக் காலை வேளையில் அளப்பது முறை. திருப்பூர் வாசகருக்குச் சொன்ன நிபந்தனைகள் யாவும் உங்களுக்கும் பொருந்தும்.

ஒல்லி என்பதைத் தராசு மட்டும் சொல்லிவிட முடியாது. புனேயின் சி.எஸ். யாஜ்னிக், லண்டனின் ஜான் யூட்கின் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் சேர்ந்து நிற்கும் ஒரு படம் 2004-இல் வெளியானது. இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 22.3. யூட்கினின் உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 சதவீதம். நம்மில் பலருக்கு எடை குறைவாக இருக்கும்போதே கொழுப்பு வயிற்றிலும் கல்லீரலிலும் தங்கிவிடுகிறது. இடுப்பை ஒரு டேப்பால் அளந்து பாருங்கள்; 90 செ.மீ.-க்கு மேல் என்றால் ஒல்லி என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் டெஸ்டோஸ்டிரோனைக் காட்டிலும் அவசரமானது வேறு. சர்க்கரை நோயாளிக்கு விறைப்புக் குறைவது பெரும்பாலும் ரத்தக் குழாயும் நரம்பும் பழுதடைவதால். ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை என்பதால், அடைப்பு முதலில் இங்கே தெரிந்து, இதயத்தில் பிறகு தெரியலாம். எனவே ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரில் புரதம் ஆகியவற்றோடு இதயத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு வரும் ரத்த அழுத்த மாத்திரைகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சில மாத்திரைகளே இந்தக் குறையைத் தரக்கூடும். படியேறும்போது மார்பில் இறுக்கமோ மூச்சிரைப்போ இருந்தால் ஹார்மோன் முடிவுக்காகக் காத்திராமல் இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ரத்த அழுத்தத்தை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறக்கிவிடும்.